கணக்குக் காட்டுவதே வேலையாகிவிட்டால்: கேள்வி பதில்

கேள்வி: பொதுப் பணத்தில் சம்பளம் வாங்குபவர் கணக்குக் காட்டத்தானே வேண்டும்?

பதில்: காட்டத்தான் வேண்டும். ஒரே கணக்கைப் பலருக்குப் பல வடிவில் காட்டச் சொல்வதுதான் சுமை. தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் செவிலியருக்கு அரை நிமிடம் போதும். அதைப் பதிவேட்டில் எழுதி, செயலியில் ஏற்றி, படமெடுத்து அனுப்பி, மாத இறுதியில் தொகுத்து மறுபடியும் ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டியிருக்கிறது. நான்கையும் கேட்டவர்கள் நான்கு வெவ்வேறு அதிகாரிகள் என்பதால், ஒன்றையேனும் நிறுத்த எவருக்கும் துணிவு வருவதில்லை. (தணிக்கையில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட படிவங்கள் சிலவற்றை நானே வரைந்திருக்கிறேன்.)

கேள்வி: இலக்கு வைத்தால் வேலை வேகமாக நடக்குமே?

பதில்: நடக்கும். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருபவரை 4 மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்ப வேண்டும் என்று 2000களில் இலக்கு வைத்தபோது, நெடுநேரக் காத்திருப்பு உண்மையிலேயே குறைந்தது. ஆனால், கெடு முடியும் கடைசி நிமிடங்களில் வார்டுக்கு மாற்றப்பட்டோர், வீட்டுக்கு அனுப்பப்பட்டோர் எண்ணிக்கை மட்டும் திடீரென எகிறியது. நோய் கடிகாரம் பார்த்துத் தணிவதில்லை. கெடுவைப் பார்த்தவர்கள் ஊழியர்கள்தாம்.

கேள்வி: விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருமோ என்ற அச்சத்தில் கோப்புகளை மேலே அனுப்பிவிடுகிறேன். தவறா?

பதில்: தவறுதான், ஆனால் உங்கள் தவறு மட்டுமன்று. முடிவெடுத்துச் சறுக்கியவரிடம் மட்டும் விளக்கம் கேட்டுவிட்டு, மனுவை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டவரை விட்டுவிடும் அலுவலகத்தில் எல்லோரும் உங்களைப் போலத்தான் நடந்துகொள்வார்கள். முடிவுக்கான காரணத்தை அன்றைக்கே கோப்பில் இரண்டு வரி எழுதி வையுங்கள். பின்னாளில் எழுதும் பத்துப் பக்க விளக்கத்தைவிட அது வலுவானது.

கேள்வி: மாற்று வழி உண்டா?

பதில்: உண்டு. மெய்யியலாளர் ஒனோரா ஓ’நீல் 2002-இல் பிபிசி ரீத் சொற்பொழிவுகளில் கண்காணிப்புப் பண்பாட்டைச் சாடினாரே தவிர, பொறுப்புக்கூறலையே கைவிடச் சொல்லவில்லை. வேலை தெரிந்தவர்கள் நேரில் ஆராய்ந்து மதிப்பிடட்டும் என்பதே அவர் வாதம். நெதர்லாந்தில் 2006-இல் தொடங்கிய பியூர்ட்சோர்க் என்ற வீட்டுச் செவிலியர் அமைப்பில், 12 பேருக்கு மிகாத குழுக்கள் தங்கள் வேலையைத் தாங்களே திட்டமிடுகின்றன.

கேள்வி: அவ்வளவு பெரிய மாற்றம் எங்கள் கையில் இல்லையே?

பதில்: அப்படியானால் படிவங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் கடைசியாகப் படித்தவர் யார் என்று விசாரியுங்கள். ஒருவரும் படிக்காதவற்றின் பட்டியலை அலுவலகத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்.