இளங்கலை பிசினஸ் பள்ளிகளின் துறைவாரித் தரவரிசையை எவ்வளவு நம்பலாம்?

அக்கவுண்டிங்கில் நான்காம் இடம், ஒன்பதாம் இடம் என்று வரும் பட்டியலை வைத்துக் கல்லூரியைத் தேர்வு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து வேண்டாம். அமெரிக்காவின் யூ.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனம் வெளியிடும் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வேலைவாய்ப்பு, சம்பளம், பாடத்தின் தரம் எதுவும் அளக்கப்படுவதில்லை. பிசினஸ் பள்ளிகளின் தரத்தைச் சரிபார்க்கும் ஏஏசிஎஸ்பி என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் டீன்களுக்கும் மூத்த பேராசிரியர்களுக்கும் படிவம் அனுப்பி, அந்தத் துறையில் சிறந்த பள்ளிகள் எவை என்று கேட்டு, யார் பெயர் அதிகம் வந்ததோ அதை மேலே வைக்கிறார்கள், அவ்வளவுதான். மற்றக் கல்லூரியின் இளங்கலை வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஒரு டீனுக்கு எப்படித் தெரியும்? ஆராய்ச்சிப் பெயரும் பழைய புகழும்தான் நினைவுக்கு வரும். சரி, முற்றிலும் வீணா என்றால் இல்லை, முதல் சில இடங்கள் ஓரளவு உண்மையைச் சொல்லும். நான்குக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பொருட்படுத்தவே மாட்டேன். அந்தத் துறை மாணவர்களை எந்த நிறுவனங்கள் எடுக்கின்றன என்று கல்லூரியிடமே கேளுங்கள்.