மான் வேட்டை சுலபமா, கஷ்டமா? யார் நிலம் என்பதைப் பொறுத்தது

"அமெரிக்காவில் மான் வேட்டை சுலபம் என்கிறார்கள் சிலர், வருஷக்கணக்கில் அலைந்தும் கிடைக்கவில்லை என்கிறார்கள் சிலர். யார் சொல்வது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். யாருடைய நிலத்தில் வேட்டையாடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், விளங்கிவிடும்.

நான் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம். இங்கே வெள்ளைவால் மான்கள் 50 லட்சத்துக்கு மேல். வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு கிடையாது. ஆனால் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. லானோ கவுண்டி பக்கம் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. டைமர் பொருத்திய தீவனப் பீப்பாய் விடிந்ததும் மக்காச்சோளத்தைச் சுற்றி இறைக்கும். அந்தச் சத்தத்துக்கே மான்கள் புதரிலிருந்து வெளியே வரும். கொஞ்சம் தள்ளிப் பரணில் காத்திருந்தால் போதும். தனியார் நிலத்தில் இப்படித் தீவனம் போட்டுச் சுடுவதற்கு இங்கே சட்டத்தில் இடம் உண்டு. குத்தகைப் பணம்தான் கையைக் கடிக்கும்.

அதே வேட்டை லைசென்ஸோடு, பொது நிலமான சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டுக்கு வாருங்கள். பொது வேட்டை அனுமதிச் சீட்டு தனியாக 48 டாலர். தீவனம் போடக் கூடாது. பைன் மரங்களுக்கு நடுவே யோபான் புதர் மண்டிக் கிடக்கும், நாலு எட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்றே தெரியாது. குளம்புத் தடம், ஆண் மான் கொம்பைத் தேய்த்து உரித்த மரப்பட்டை, காற்றடிக்கும் திசை, இவற்றைப் பார்க்கத் தெரிந்தால்தான் உண்டு. ஆள் நடமாட்டம் கண்ட மான் இருட்டிய பிறகுதான் அசையும். இந்தக் காட்டில் ஒரு மான் எடுத்தவரை நான் மனதார மதிக்கிறேன்.

அப்புறம், மரங்களில் செங்குத்தாக ஊதாப் பட்டை தீட்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். தரையிலிருந்து மூன்று முதல் ஐந்து அடி உயரத்தில் இருக்கும். டெக்சாஸ் சட்டப்படி அது 'உள்ளே வராதே' என்ற பலகைக்குச் சமம். உங்கள் குண்டு பட்ட மான் அந்தப் பக்கம் போய் விழுந்தாலும், நிலத்துக்காரரைக் கேட்காமல் எடுக்கப் போகக் கூடாது.

மேற்கே போனால் நிலைமை தலைகீழ். நெவாடாவில் சுமார் 80 சதவீத நிலம் மத்திய அரசுடையது, பெரும்பகுதியில் யாரும் கால் வைக்கலாம். ஆனால் அங்கே இருக்கும் மியூல் மான் என்ற வகையைச் சுடுவதற்கான 'டேக்', அதாவது அனுமதிச் சீட்டு, குலுக்கலில் விழ வேண்டும். வயோமிங்கில் இன்னொரு சிக்கல். 1860களில் ரயில் கம்பெனிக்கு நிலம் கொடுத்த முறையால், ஒரு சதுர மைல் அரசுக்கு, அடுத்தது தனியாருக்கு என்று சதுரங்கப் பலகை போல ஆகிவிட்டது. அரசு நிலம் கண்ணெதிரே இருக்கும், போக வழி இருக்காது. தனியார் மண்ணில் கால் படாமல் ஒரு அரசுக் கட்டத்திலிருந்து அடுத்த அரசுக் கட்டத்துக்கு மூலைக்கு மூலை தாண்டினால் தப்பில்லை என்று 2025 மார்ச்சில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்பு, தாமதமாக வந்தது.

விஸ்கான்சினில் ஒரே மாநிலத்துக்குள்ளேயே இரண்டும் உண்டு: வடக்கே பொதுக்காடு ஏராளம், மான் குறைவு; தெற்கே சோளக்காட்டில் மான் ஏராளம், நிலம் பெரும்பாலும் தனியாருடையது.

கையில் காசு குறைவென்றால், சீசனுக்கு முன்பே, கோடையிலேயே பண்ணைக்காரர்களை நேரில் பார்த்துக் கேளுங்கள். கொம்புள்ள மானுக்குப் பணம் கேட்பவர்கூட, பயிரை மேயும் பெண் மானைச் சுட அனுமதிப்பதுண்டு. சரி என்றால் அதை எழுத்தில் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.