யாரிடம் பேச வேண்டும்? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். மதுரையில் கல்லூரியில் படிக்கிறேன். நானும் தோழிகள் சிலரும் சனி, ஞாயிறுகளில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய் ரத்தசோகை, வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றியெல்லாம் பெண்களிடம் பேசி வருகிறோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு மட்டும் போவதில்லை. போன வாரம் ஒரு பெரியம்மா, "கல்யாணமாகாத புள்ளைகளுக்கு என்னத்தா கர்ப்பப்பைப் பேச்சு?" என்று கேட்டுவிட்டார். எங்கள் பேச்சில் என்ன குறை? விழிப்புணர்வு கொண்டுவர இன்னும் என்ன செய்யலாம்?

எம்., உசிலம்பட்டி

*

அன்புள்ள எம்.,

பெரியம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ரத்தசோகை கல்யாணம் வரை காத்திருப்பதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதில் அடக்கம். உங்கள் உடம்பைப் பற்றிப் பேச நீங்கள் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேச்சில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பேச வேண்டியவர்களிடம் நீங்கள் இன்னும் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

உசிலம்பட்டிப் பெண்களுக்கு அறிவுரை புதிதா என்ன? 1980களில் பெண்சிசுக் கொலைச் செய்திகளால் அந்த ஊர்ப்பெயர் நாடு முழுக்க அடிபட்டது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் வந்தது. ஊருக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்களைத்தான் உட்காரவைத்துப் பேசினார்கள். வரதட்சணை கேட்டவர்களையும், மறுபடி பெண்ணா என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமனார் மாமியாரையும் அப்படி உட்காரவைத்தவர்கள் குறைவு. நீங்கள் இன்று பார்க்கிற தலையாட்டல் தலைமுறையாக வந்த பழக்கம். கேட்டுக்கொண்டால் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அடி இறங்கி, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்து, வருஷக்கணக்கில் துணி வைத்துக் கட்டிக்கொண்டு களையெடுக்கிற பெண்ணுக்குத் தன் உடம்பில் கோளாறு இருப்பது தெரியாதா? நன்றாகவே தெரியும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, ஆனால் அன்றைய கூலி போய்விடும். காத்திருந்து உள்ளே போனால் வரிசையில் நிற்கிற எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "வெள்ளைப்படுதா? எத்தனை நாளா?" என்று கேட்பார்கள். பரிசோதிக்கிற இடத்தில் மறைப்பு இருக்காது. அன்றைக்குப் பார்த்து டாக்டரம்மா லீவாக இருப்பார். பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாலோ, மதுரைக்குத் துணைக்கு வர ஆள் வேண்டும், வீட்டில் சோறாக்க ஆள் வேண்டும். இத்தனையும் பட்டு வந்தவள் மறுபடி போகாவிட்டால் அதை அறியாமை என்று சொல்வது அநியாயம். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கணக்கெடுப்பின்படி இங்கே மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் ஆண்களுக்கான ஆபரேஷன்தான் எளிது, வயிற்றில் கத்தி வைக்க வேண்டியதே இல்லை. கத்தி படுவது அவள் உடம்பில், கையெழுத்து மட்டும் புருஷனிடம் கேட்பார்கள். அரசின் விதிமுறைப்படி அந்த ஆபரேஷனுக்குக் கணவரின் சம்மதம் கட்டாயமில்லை. கருக்கலைப்புக்கும், 18 வயது நிறைந்த பெண் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும். 20 முதல் 24 வாரம் வரை சட்டம் தரும் வாய்ப்பை மணமாகவில்லை என்பதற்காக ஒரு பெண்ணுக்கு மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் மரத்தடியில் பெண்களுக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து கேட்கிற மேஜைக்கு முன்னாலும் போய்ச் சொல்லுங்கள்.

நீங்கள் படித்த பிள்ளைகள், கூலி போகிற பயம் உங்களுக்கு இல்லை. அந்தப் பெண்களிடம் இல்லாத அந்தச் சௌகரியத்தை அவர்களுக்காகச் செலவழியுங்கள். அடுத்த சனிக்கிழமை பேசாமல் கேளுங்கள். எதனால் போகவில்லை, போனபோது என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள், பெயர் போடாமல்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூடுகிறது. வயதுவந்த வாக்காளரான உங்களுக்கு அங்கே பேச உரிமை உண்டு. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் எந்தெந்த நாளில் இருப்பார்? 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கான கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எந்தக் கிழமை நடக்கிறது? அந்த அறைக்குக் கதவு இருக்கிறதா? இரும்புச்சத்து மாத்திரை எந்த மாதங்களில் தீர்ந்துபோனது? இப்படிக் கேளுங்கள். "கவனிக்கிறோம்மா" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள்.

நகலும் தராமல் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். மனு எழுதத் துணை வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து எழுதுவோம்.