தாள் அளவு, லேஅவுட், பிளாட்: ஆட்டோகேட் கேள்வி பதில்

டிப்ளமோ சிவில் மாணவி: சார், மாடலில் வீட்டு பிளானை மில்லிமீட்டரில் வரைந்துவிட்டேன். ஏ1 தாளில் 1:100 அளவில் எடுக்க எங்கே தொடங்குவது?

மாடல் என்பது வரையும் இடம், லேஅவுட் என்பது அச்சாகும் தாள். கீழே உள்ள லேஅவுட் டேப்பில் வலது கிளிக் செய்து, பேஜ் செட்டப் மேனேஜரில் மாடிஃபை கொடுங்கள். பிரிண்டராக டிடபிள்யூஜி டு பிடிஎஃப். தாள் ஐஎஸ்ஓ ஃபுல் பிளீட் ஏ1, 841 × 594. வாட் டு பிளாட்டில் (பிளாட் என்றால் அச்சு எடுப்பது) 'லேஅவுட்', ஸ்கேல் 1:1. இந்த 1:1 தாளுக்கான ஸ்கேல். பிளானின் 1:100 வியூபோர்ட்டில் (மாடலைத் தாளில் காட்டும் ஜன்னல்) வரும்; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் எம்வியூ போட்டு வியூபோர்ட் வரையுங்கள். உள்ளே டபுள் கிளிக் செய்து, ஸூம், 1/100எக்ஸ்பி (எக்ஸ்பி என்றால் தாளை ஒப்பிட்ட அளவு). வெளியே வந்தவுடன் வியூபோர்ட்டை லாக் செய்துவிடுங்கள். லாக் செய்யாமல் உள்ளே போய் மவுஸ் சக்கரத்தை ஒரு முறை உருட்டினாலே ஸ்கேல் போய்விடும். தாளில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. மாடலிலிருந்து பிளாட் எடுத்தால் 'ஃபிட் டு பேப்பர்' டிக்கை எடுத்துவிடுங்கள். பிடிஎஃப்பை அச்சடிக்கும்போது அங்கேயும் 'ஆக்சுவல் சைஸ்' வையுங்கள். அச்சான தாளில் 5 மீட்டர் சுவர் அளவுகோலில் சரியாக 50 மிமீ இருக்க வேண்டும். தாளை யாரிடமும் கொடுக்கும் முன் இதை அளந்து பாருங்கள்.

திருப்பூர் இன்டீரியர்: நான் அடி, அங்குலத்தில் வரைபவன். வியூபோர்ட்டில் 1:100 தேர்ந்தெடுத்தால் படம் புள்ளியாகிவிடுகிறது.

உங்கள் படத்தில் ஒரு யூனிட் ஒரு அங்குலம். தாளில் ஒரு யூனிட் ஒரு மில்லிமீட்டர். 1:100 என்றதும் மென்பொருள் 100 அங்குலத்தை 1 மிமீக்குள் அடக்குகிறது. 25.4-ஐ 100-ஆல் வகுத்து 0.254எக்ஸ்பி கொடுங்கள். எட்டில் ஒரு அங்குலம் ஒரு அடி என்பது 1:96, அதற்கு 25.4/96. மீட்டரில் வரைபவர்களுக்கு 1:100 என்றால் 10எக்ஸ்பி. அடிக்கடி தேவைப்பட்டால் ஸ்கேல்லிஸ்ட்எடிட்டில் பேப்பர் யூனிட் 25.4, டிராயிங் யூனிட் 100 என்று சேர்த்து, பெயரும் வைத்துவிடுங்கள்.

காண்ட்ராக்டர்: ஏ1 படத்தை சைட்டுக்கு ஏ3-இல் எடுத்தால் அளக்கலாமா?

அளக்கலாம். ஏ3 நீளத்திலும் அகலத்திலும் ஏ1-இல் பாதி. 1:100 சரியாக 1:200 ஆகும். ஏ2-இல் எடுத்தால்தான் 1:141. எந்த ஸ்கேல் பட்டையிலும் அது கிடையாது. ஏ3-இல் எழுத்தும் பாதியாகும்: 2.5 மிமீ எழுத்து 1.25 மிமீ ஆகி, வெயிலில் நின்று படிப்பவருக்குத் தெரியாது. சைட்டுக்கு ஏ3 போகும் என்று முன்பே தெரிந்தால் எழுத்தை 3.5-இல் வையுங்கள். டைட்டில் பிளாக்கில் வெறும் 1:100 போதாது. '1:100, ஏ1 தாளில்' என்று எழுதுங்கள்.

மூத்த டிராஃப்ட்ஸ்மேன்: லேஅவுட்டெல்லாம் எதற்கு தம்பி? டைட்டில் பிளாக்கை 100 மடங்கு பெரிதாக்கி மாடலிலேயே வைத்து, விண்டோ போட்டு பிளாட் எடுத்தால் முடிந்தது. காலம் காலமாக அப்படித்தான் வேலை நடக்கிறது.

அண்ணா, ஒரு தாளில் ஒரே ஸ்கேல் என்றால் உங்கள் வழியில் தப்பில்லை. 1:100 பிளானுக்குப் பக்கத்தில் 1:20 டீடெயில் வரும்போது என்ன செய்வீர்கள்? டீடெயிலை ஐந்து மடங்கு பெரிதாக்க வேண்டும். 230 மிமீ சுவர் 1150 ஆகிவிடும்.

அவரே: டிம் ஸ்டைலில் (அளவு எழுதும் அமைப்பு) டிம்எல்ஃபேக் (காட்டும் அளவைப் பெருக்கும் எண்) 0.2 போட்டால் 230 என்றுதானே காட்டும்?

காட்டும். ஆனால் கோடு 1150 நீளத்தில்தான் கிடக்கிறது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்த டீடெயிலை காப்பி செய்து இன்னொரு ஃபைலில் ஒட்டி, தன் டிம் ஸ்டைலில் அளவு போடுகிறார், 1150 வருகிறது. அதையாவது கண்டுபிடித்துவிடலாம். டீடெயிலுக்குள் ஒரு கம்பியைத் தள்ள மூவ் போட்டு 40 என்று அடித்தால் அது உண்மையில் 8 மிமீதான் நகரும். கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) குறைந்த படம் சைட்டுக்குப் போகும். எனக்குப் பயம் இதில்தான்.

கல்லூரி ஆசிரியர் (குறுக்கே): அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு. மாடலில் இருந்தால் எல்லா ஷீட்டும் ஒரே பார்வையில் தெரியும்.

தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்கும் வசதிக்காக உண்மை அளவை விட முடியாது. மாடலில் எதுவும் 1:1-இல்தான் இருக்க வேண்டும். டீடெயிலை ஒருமுறை உண்மை அளவில் வரைந்து, அதே தாளில் இன்னொரு வியூபோர்ட் திறந்து 1/20எக்ஸ்பி கொடுத்தால் போதும். பிளானில் தேவையில்லாத லேயரை அந்த வியூபோர்ட்டில் மட்டும் விபி ஃப்ரீஸ் செய்து மறைக்கலாம். மாடலில் இதைச் செய்ய வேண்டுமானால் பிளானையே இரண்டாகக் காப்பி எடுக்க வேண்டும். ஒன்றில் சுவர் மாறினால் மற்றதில் மாறாது.

மூத்த டிராஃப்ட்ஸ்மேன்: சரி, ஒரு வேலையில் செய்து பார்க்கிறேன். டைட்டில் பிளாக்?

சந்தோஷம் அண்ணா. அதை லேஅவுட்டில் 1:1 வையுங்கள். 100 மடங்கு கணக்கே வேண்டாம்.

அடுத்து சில குறுங்கேள்விகள். டேஷ் கோடு லேஅவுட்டில் முழுக்கோடாகத் தெரிகிறது.

பிஎஸ்எல்டிஸ்கேல் 1, எல்டிஸ்கேல் 1 (இரண்டும் டேஷ் அளவை ஆளும் அமைப்புகள்), அப்புறம் ரீஜென்ஆல்.

வியூபோர்ட் பார்டர் அச்சில் வருகிறது.

அதற்கென்று தனி லேயர் வைத்து, அந்த லேயரின் பிளாட்டை அணைத்துவிடுங்கள்.

கலர் கலராக அச்சாகிறது. மோனோகுரோம் சிடிபி (கருப்பில் அச்சடிக்கும் பிளாட் ஸ்டைல்) பட்டியலில் இல்லை.

பட்டியலில் எஸ்டிபி (பெயர் வழி பிளாட் ஸ்டைல்) மட்டும் தெரிந்தால் ஃபைல் அந்த வகை. கன்வெர்ட்பிஸ்டைல்ஸ் போட்டால் சிடிபிக்கு மாறும்.

பிளாட் எடுத்த பிளானில் ஸ்கேல் கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

ஃபிட் டு பேப்பர். டிக்கை எடுங்கள்.

பிடிஎஃப்பில் சரியாக இருக்கிறது, கடையில் அச்சடித்தால் சிறிதாகிறது.

மேலே முதல் பதிலில் சொன்னதுதான். கடையில் 'ஆக்சுவல் சைஸ்' கேட்டு வாங்குங்கள்.

ரெவிட் (வேறொரு மென்பொருள்) ஷீட்டில் இதையெல்லாம் எப்படி?

ரெவிட்டில் தினமும் உட்காருபவரைக் கேளுங்கள். அது என் வேலை இல்லை.

ஒரே செட்டப்பை நாற்பது ஃபைலிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒரு ஃபைலில் பேஜ் செட்டப்புக்குப் பெயர் வைத்துச் சேமியுங்கள். மற்ற ஃபைல்களில் பிசெட்டப்இன் போட்டு இழுத்துக்கொள்ளலாம். மொத்தமாக அச்சடிக்க பப்ளிஷ்.

சாலை சர்வேயர்: நீள்வெட்டுப் படத்துக்கு 594 × 1800 தாள் வேண்டும். பட்டியலில் இல்லை.

நல்ல கேள்வி. பிளாட் பெட்டியில் பிரிண்டருக்குப் பக்கத்தில் உள்ள பிராப்பர்ட்டீஸுக்குள் கஸ்டம் பேப்பர் சைஸஸ், ஆட். அகலம், நீளம், ஓரம் கொடுங்கள். 24 அங்குல ரோல் சுமார் 610 மிமீ. 594 அதற்குள் அடங்கும். நீங்கள் சேர்த்த அளவு பிஎம்பி ஃபைலில் சேமிக்கப்படும். பிசி3-ஐ (பிரிண்டர் அமைப்பு ஃபைல்) மட்டும் வேறு கணினிக்குக் கொண்டு போனால் உங்கள் தாள் அங்கே தெரியாது. இரண்டையும் சேர்த்து எடுத்துப் போய், அங்கே பிராப்பர்ட்டீஸில் பிஎம்பியை அட்டாச் செய்யுங்கள்.