கவுண்டரில் உட்காராமல் அஞ்சல் துறையில் வேலை பார்க்க முடியுமா? உள்ளே என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன?

முடியும். ஆனால் உள்வேலைகளில் நல்லவை பலவும் கவுண்டரில் சில காலம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். அது சரியான ஏற்பாடு என்பது என் கட்சி. நான் அஞ்சல் உதவியாளராகச் சேர்ந்து, அதே துறையில் ஓய்வு பெற்றவன். ஆகவே கொஞ்சம் சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலர் அஞ்சல் துறையை ஒரு கம்பெனி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1985-ல் தபால் தந்தித் துறை இரண்டாகப் பிரிந்தது. தொலைத்தொடர்புப் பக்கம் பின்னர் 2000-ல் பிஎஸ்என்எல் நிறுவனமானது. அஞ்சல் மட்டும் அரசுத் துறையாகவே நின்றது. நாடு முழுவதும் ஏறத்தாழ 1,64,000 அஞ்சலகங்கள். பத்தில் ஒன்பது கிராமங்களில். இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு வேண்டிய சாக்கு, அரக்கு, லாரி, கணக்கு, கணினி எல்லாவற்றையும் துறை பெரும்பாலும் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது.

முதலில் ஸ்டோர்ஸ் டிப்போ. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் உண்டு. அஞ்சல் பை, சணல் கயிறு, அரக்கு, தபால்காரரின் சீருடைத் துணி, படிவங்கள் எல்லாம் இங்கிருந்துதான் வரும். என் காலத்தில் எஸ்பி-7 படிவம் இல்லாமல் சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க முடியாது; ஏசிஜி-67 புத்தகம் தீர்ந்துவிட்டால் ரசீது எழுத முடியாது. இன்டென்ட், அதாவது டிப்போவுக்கு அனுப்பும் தேவைப் பட்டியல், போடுவது தனிக் கலை. நூறு கேட்டால் நாற்பதுதான் வரும் என்று தெரிந்த போஸ்ட்மாஸ்டர் இருநூற்றைம்பது கேட்பார். அவர் அப்படித்தான் கேட்பார் என்று டிப்போவில் இருப்பவருக்கும் தெரியும், நாற்பதே அனுப்புவார். இருவரும் இதைப் பற்றி ஒருபோதும் பேசிக்கொள்வதில்லை.

கடிதத்தின் மேல் விழும் தேதி முத்திரை எங்கே செய்யப்படுகிறது என்று யோசித்ததுண்டா? நெடுங்காலமாக உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில். பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். உலோகத்தில் நுணுக்கமாகச் செதுக்கத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. தேதி, மாதம், ஆண்டு ஆகியவற்றுக்குச் சிறிய எஃகு எழுத்துகள் தனியாக வரும். காலையில் அவற்றை மாற்றியதும் முதல் பதிவை ஒரு நோட்டில் வைத்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொட வேண்டும். தேதி தலைகீழாகக் கோக்கப்பட்டிருந்தால் அந்த நோட்டிலேயே மாட்டிக்கொள்ளும். அஞ்சல்தலை வேறு வழியில் வரும்: நாசிக் செக்யூரிட்டி பிரஸ்ஸில் அச்சாகி, அஞ்சல் வட்டத்தின் (சர்க்கிள்) ஸ்டாம்ப் டிப்போவுக்கு வந்து, அங்கிருந்து தலைமை அஞ்சலகங்களுக்குப் போகும்.

சென்னையில் சிவப்பு வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மெயில் மோட்டார் சர்வீஸ் என்ற பிரிவு அவற்றை ஓட்டுகிறது. அலுவலகம் கிரீம்ஸ் சாலையில். ஓட்டுநர்கள் மட்டுமல்ல, மெக்கானிக், எலெக்ட்ரிஷியன், வெல்டர், பெயின்டர், தச்சர், கொல்லர், டயர் வேலை பார்ப்பவர் என்று துறைக்கே சொந்தமான பணியிடங்கள் உண்டு. அஞ்சல் துறையில் கொல்லர் வேலை இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கணக்கு வேலை பிடிக்கும் என்றால் எதிராஜ் சாலையில் அஞ்சல் கணக்கு அலுவலகம். தலைமை அஞ்சலகங்கள் அனுப்பும் கணக்குகளை அங்கே சரிபார்ப்பார்கள். அங்கிருந்து ஆட்சேபக் கடிதம் வந்தால் அன்றைக்குப் போஸ்ட்மாஸ்டர் யாரிடமும் சரியாகப் பேசமாட்டார்.

ஆர்எல்ஓ (ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ்) என்ற பிரிவைப் பற்றி வெளியில் அதிகம் தெரியாது. பெறுநரையும் கண்டுபிடிக்க முடியவில்லை, அனுப்பியவரின் முகவரியும் இல்லை என்ற கடிதங்கள் அங்கே போய்ச் சேரும். முன்பு அதன் பெயர் டெட் லெட்டர் ஆபீஸ். முகவரியைத் தேடுவதற்காக உறையைத் திறக்கும் உரிமை அங்கே இருப்பவர்களுக்குத்தான். தபால்காரரோ போஸ்ட்மாஸ்டரோ திறக்கக் கூடாது. திறப்பவரும் உள்ளே ஊர், தெரு, பெயர் ஏதாவது கிடைக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். பிறர் கடிதத்தைப் படிக்காமல் பார்க்கப் பழகுவது எளிதல்ல. பொறுமைசாலிகளுக்கு ஏற்ற இடம்.

இனி கணினிப் பிரிவு. உங்கள் கேள்வி முக்கியமாக இதைப் பற்றித்தான் என்று ஊகிக்கிறேன்.

கோட்டத்துக்குக் கோட்டம் "சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று ஒருவர் இருப்பார். அது தனிப் பதவி அல்ல; தனித் தேர்வும் இல்லை. கணினியில் ஆர்வமுள்ள அஞ்சல் உதவியாளரைப் பிடித்து உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். அஞ்சலகங்களில் மேகதூத் என்ற மென்பொருள் இருந்த காலத்தில் இவர்கள்தான் ஊர் ஊராகப் போய் நிறுவினார்கள், கெட்டுப்போன தரவைச் சரிசெய்தார்கள், மாலையில் தொலைபேசியை எடுத்தார்கள். மேகதூத்தே மைசூரில் துறையின் சொந்த ஆட்கள் உருவாக்கியது.

ஒரு சாதாரண மாலையைச் சொல்கிறேன். துணை அஞ்சலகத்தில் நாள் கணக்கு முடியவில்லை. மெயில் வண்டி வாசலில் நிற்கிறது. ரொக்கத்தில் 53 ரூபாய் குறைகிறது. கவுண்டர் வேலை பார்த்த அட்மினிஸ்ட்ரேட்டர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "இன்றைக்கு 1,000 ரூபாய் மணியார்டர் ஏதாவது போனதா?" என்பதாகத்தான் இருக்கும். 1,000 ரூபாய்க்குக் கமிஷன் 50. வாடிக்கையாளர் 1,050 ரூபாயை நீட்ட, அவசரத்தில் எழுத்தர் மணியார்டர் தொகையாக 1,050 என்றே அடித்துவிடுகிறார். ஒவ்வொரு 20 ரூபாய்க்கும், மிச்சம் இருந்தால் அதற்கும், ஒரு ரூபாய் கமிஷன் என்ற கணக்கில் கணினி 53 ரூபாயை மேலே போட்டு 1,103 காட்டுகிறது. கையில் இருப்பது 1,050. தொகையைக் கேட்டதுமே தவறு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இதே சிக்கல் வெளி நிறுவனத்தின் உதவி மையத்துக்குப் போனால், புகாருக்கு ஒரு எண் கிடைக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்வார்கள், "நிரலில் பிழை ஏதுமில்லை" என்று மறுநாள் பதில் வரும். நிரலில் பிழை இல்லைதான். பிழை வேலை நடக்கும் விதத்தில் இருக்கிறது. வேலையை ஒருமுறையாவது செய்யாதவருக்கு அது கண்ணில் படாது. வெளி நிறுவனங்கள் எழுதிய பெரிய மென்பொருள்கள் வந்த பிறகும் கோட்டத்து அட்மினிஸ்ட்ரேட்டர்களை யாராலும் ஒழிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுவே.

அண்மையில் சக்கரம் மறுபடி சுற்றியிருக்கிறது. மைசூரில் உள்ள சிஇபிடி என்ற துறையின் சொந்தத் தொழில்நுட்ப மையம் ஏபிடி என்னும் புதிய மென்பொருளை உருவாக்கியது. 2025-ல் முதலில் கர்நாடகத்தில் சோதித்து, ஆகஸ்ட் 4-க்குள் நாடு முழுவதும் கொண்டுவந்துவிட்டார்கள். தொடக்க நாட்களில் வரிசைகள் நீண்டன, திட்டுகளும் விழுந்தன. ஆனாலும் எழுதியவரும் பயன்படுத்துபவரும் ஒரே துறைக்காரர்கள் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

நீங்கள் எந்த வழியில் உள்ளே வரலாம்? பட்டம் இருந்தால், மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் சிஜிஎல் என்ற பட்டதாரித் தேர்வு. அஞ்சல் உதவியாளர், தபால் பிரிக்கும் பிரிப்பு உதவியாளர், அஞ்சல் ஆய்வாளர் ஆகிய பணிகளுக்கு அதன் வழியாக எடுக்கிறார்கள். அஞ்சல் கணக்கு அலுவலக இளநிலைக் கணக்கர் பணிக்கும் அதுவே வழி. கவுண்டரே வேண்டாம் என்றால் இந்தக் கடைசிப் பணியைக் குறிவையுங்கள். ஐடிஐ படித்தவர், அல்லது எட்டாம் வகுப்போடு தொழில் அனுபவம் உள்ளவர் என்றால் மெயில் மோட்டார் சர்வீஸின் திறன்மிகு கைவினைஞர் அறிவிப்புக்காகக் காத்திருங்கள். தொழில் தேர்வு வைத்து எடுப்பார்கள். மெக்கானிக் பணிக்குக் கனரக வாகன உரிமமும் கேட்பார்கள், அதை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினிப் பிரிவுதான் ஆசை என்றால் உதவியாளராகச் சேர்ந்து கவுண்டரில் உட்காருங்கள். உங்களுக்குக் கணினி தெரியும் என்ற செய்தி ஒரு வாரத்துக்குள் கோட்ட அலுவலகத்துக்குப் போய்விடும். நீங்கள் விண்ணப்பம்கூடப் போட வேண்டியிருக்காது.