தனிச் சனலா, பக்கேஜா? திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்

இருபது வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் கேபிள் இழுத்தும் டிஷ் பூட்டியும் வருகிறேன். ரீவி மாதக் கட்டணம் பற்றி நம் ஆட்கள் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா: எங்கள் வீட்டில் பார்ப்பது ஆறு சனல். வருவது எண்பது. பார்க்காததற்கு ஏன் காசு கட்ட வேண்டும்?

அக்கா, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் அம்மம்மா இருக்கிறார். நாடகச் சனலுக்கு மாதம் 300 ரூபா கொடுப்பார், கிரிக்கெட் சனலுக்கு 100க்கு மேல் கொடுக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் நேர்மாறு: கிரிக்கெட்டுக்கு 300, நாடகத்துக்கு 100. சனல் ஒவ்வொன்றையும் 300க்கு விற்றால் வீட்டுக்கு ஒன்றுதான் போகும், கொம்பனிக்கு 600 வரும். தலா 100க்கு விற்றால் இரண்டு வீடும் இரண்டையும் வாங்கும், ஆனால் வரவு 400 தான். இரண்டையும் ஒன்றாகக் கட்டி 400 என்று சொன்னால் இரண்டு வீடும் வாங்கும், 800 வரும்.

பக்கேஜின் இரகசியம் இதுதான். பொருளியலாளர் ஜோர்ஜ் ஸ்டிக்லர் 1963இலேயே இதை விளக்கிவிட்டார், ரீவி நிலையங்களுக்குச் சினிமாப் படங்களைக் கட்டாகக் கட்டி விற்றதை வைத்து. ஆகவே மிச்ச எழுபத்துநாலு சனலையும் எடுத்துவிட்டால் உங்கள் பில் அந்த அளவுக்கு இறங்காது. உங்களுக்கு அந்த ஆறும் எவ்வளவு பெறுமதி என்பதைத்தான் கொம்பனி வசூலிக்கிறது. கூடுதலாக வந்த 200 ரூபா யாருடைய பைக்குப் போனது என்று பாருங்கள். உங்கள் கோபம் அந்த இடத்தில்தான் நியாயம்.

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: தனித்தனியாகக் கொடுக்கத் தொழில்நுட்பம் இடம் தராதா?

இப்போது தாராளமாக இடம் தரும். முன்பு தரவில்லை. பழைய கேபிளில் எல்லாச் சனலும் ஒரே வயரில் ஒன்றாக ஓடிவரும். ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு சனலை நிறுத்த வேண்டுமென்றால் கம்பத்தில் ஏறி, அந்த வீட்டு இணைப்பில் விரல் நீளத்துக்கு ஒரு பில்டரைத் திருகிப் பூட்ட வேண்டும். ட்ராப் என்போம். நூறு வீட்டுக்கு நூறு விதமாகப் பூட்ட யாரால் முடியும்? பக்கேஜ் என்ற பழக்கம் ஊன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று சனல் எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் வருகிறது. எந்தப் பெட்டி எதைத் திறக்கலாம் என்ற உத்தரவும் அதே அலையில் வந்துவிடும். ஆகவே “சிஸ்டத்தில் முடியாது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வியாபார முடிவு.

லிங்கநகரிலிருந்து ஓர் ஐயா: இந்தியாவில் சனலுக்குச் சனல் விலை வைத்துவிட்டார்களாம். அங்கே மலிவாகிவிட்டதா?

ஐயா, இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், நமக்கும் பாடம் இருக்கிறது. அங்கே ட்ராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த முறை 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்போது 100 சனலுக்கான வழிக் கட்டணம், அதாவது சனல் வீட்டுக்கு வந்துசேரும் இணைப்புக்கான கட்டணம், 130 இந்திய ரூபா, வரியோடு 153. அதற்கு மேல் கட்டணச் சனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அந்த விலையைத் திரையிலேயே காட்ட வேண்டும் என்றும் விதி. இது அருமையான விதி, நான் மனதாரச் சொல்கிறேன்.

சிக்கல் அடுத்த விதியில் வந்தது. 19 ரூபாவுக்கு மேல் விலை வைத்த சனலைப் பக்கேஜில் சேர்க்கக் கூடாது என்றார்கள். பெரிய சனல்கள் பல அந்த 19இலேயே வந்து குந்திக்கொண்டன, சன் ரீவி உட்பட. இப்படி ஐந்து சனலைத் தனியாக எடுத்தால் 95. வழிக் கட்டணத்தோடு 225, வரியும் சேர 265. பழைய பில்லைவிடக் கூடிவிட்டதே என்று பல வீடுகளில் சத்தம் போட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பக்கேஜுக்கு 15 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று ஆணையம் வைத்த விதி சென்னை உயர் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது. தனியாக வாங்கினால் யானை விலை, கட்டாக வாங்கினால் கொசுறு விலை என்றால் யார் தனியாக வாங்குவார்கள்? உரிமை காகிதத்தில் இருக்கும், கைக்கு வராது. 2020இல் 19ஐ 12 ஆக்கினார்கள். 2022 நவம்பரில் திரும்ப 19க்கே போய், தள்ளுபடிக்கு 45 சதவீதம் என்று எல்லை போட்டார்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி: மற்ற நாடுகளில் எப்படி?

கனடாவில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே 2016 மார்ச் முதல் 25 டொலருக்கு மேற்படாத ஓர் அடிப்படைப் பக்கேஜ் கட்டாயம். அதே வருடம் டிசம்பரிலிருந்து தனிச் சனலும் சின்னப் பக்கேஜும் இரண்டுமே கொடுக்க வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் ரீவியை ஒழுங்குபடுத்தும் ஒரே ஆணையம் 2004இல் தனி விற்பனை பில்லைக் கூட்டும் என்றது, 2006இல் குறைக்கலாம் என்று மாற்றிச் சொன்னது. பிறகு குரோஃபோர்ட், யுருகோக்லு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012இல் கணக்குப் பார்த்தார்கள். தனித்தனியாக விற்கச் சொன்னால் சனல்காரர் விநியோகக் கொம்பனியிடம் கேட்கும் விலை இரண்டு மடங்காகும், பார்ப்பவருக்கு மொத்தத்தில் இலாபம் நிற்காது என்பது அவர்களின் முடிவு.

அதே தங்கச்சி: விலையை ஏன் அப்படி ஏற்ற வேண்டும்? விளம்பரக் காசு வருகிறதே?

அதனால்தான் ஏற்றுகிறார்கள். எத்தனை வீட்டுக்குள் போகிறது என்பதை வைத்துத்தான் விளம்பர விலை. தனியாக விற்றால் வீடு குறையும், விளம்பரமும் குறையும். அந்த ஓட்டையை மிச்ச வீடுகள் அடைக்க வேண்டும்.

திருக்கடலூரிலிருந்து ஒரு தங்கச்சி: வாடைக் காலத்தில் கடலுக்குப் போக முடியாது, கையில் காசில்லை. எதைக் குறைப்பது?

தங்கச்சி, போன வருடம் உங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பெட்டி திருத்தப் போனேன். மாதாமாதம் பெரிய பக்கேஜ் கட்டுகிறார்கள். ரிமோட்டைக் கையில் எடுத்தால் 4, 7 என்ற இரண்டு பொத்தானில் மட்டும் எழுத்து முழுக்கத் தேய்ந்திருந்தது. மற்றவை புதிதுபோல. உங்கள் ரிமோட்டையும் அப்படிப் பாருங்கள். அப்புறம் இரண்டு வாரத்துக்குக் கலண்டரில், அன்று பார்த்த சனலைப் பென்சிலால் எழுதி வையுங்கள். அதில் வந்தவை எல்லாம் சின்னப் பக்கேஜில் இருந்தால் உடனே இறங்கிவிடுங்கள். வசந்தம், நேத்ரா, சக்தி மூன்றும் அன்டெனாவில் இலவசமாகவே எடுப்பவை. கூரையில் பழைய அன்டெனா இருந்தால் முதலில் வயரை மாட்டிப் பாருங்கள். முன்கூட்டிக் காசு போடும் இணைப்பு என்றால் வாடை மாதங்களில் போடாமல் விடலாம். ஆனால் எத்தனை நாள் விட்டால் இணைப்பே ரத்தாகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, முடிவாக நீங்கள் எந்தப் பக்கம்?

பக்கேஜும் இருக்கட்டும், தனிச் சனலும் இருக்கட்டும். பக்கேஜுக்குள் ஒவ்வொரு சனலும் என்ன விலை என்று பில்லில் எழுதிக் காட்ட வேண்டும். தமிழ்ச் சனல்கள் மட்டும் கொண்ட சின்னக் கட்டு ஒன்று வேண்டும். தள்ளுபடிக்கு எல்லை வேண்டும், இல்லாவிட்டால் தனி விலை வெறும் பொம்மை.

லிங்கநகர் ஐயா திரும்பவும்: இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியை இங்கே பாவிக்கலாமா?

படம் வரும் ஐயா. ஆனால் இணைப்பு அங்குள்ள ஒரு விலாசத்தில்தான் பதிவாகியிருக்கும். நின்றுபோனால் இங்கே முறையிட இடமில்லை. உங்களுக்காக அங்கே காசு போட்டுவிடுபவர் சொல்வதுதான் விலை. ரூபா மாற்று விகிதம் ஏறினால் அதுவும் உங்கள் தலையில். இப்போதே பாவிக்கிறீர்கள் என்றால் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாமல், மாதத்துக்கு மாதம் போடுங்கள்.