பத்துப் படம் கேட்டவருக்கு

கேள்வி: உலக சினிமா, வெப் சீரீஸ் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். உங்களுக்குப் பிடித்த பத்துப் படம், பத்து சீரீஸ் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னால் மட்டும் நழுவிவிடுகிறீர்கள். போன மாதம் இந்தப் பக்கத்தில் நீங்கள் புகழ்ந்த 'டோக்கியோ ஸ்டோரி'யை வேலை முடிந்து வந்து இரவு 11 மணிக்குப் போட்டேன், அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். பேசாமல் ரசிகர்கள் ஓட்டுப் போடும் ஐஎம்டிபி இணையதளப் பட்டியலையே நம்பலாம் போல. இந்த முறையாவது பட்டியல் வருமா?

பதில்: நீங்கள் தூங்கியதில் பாதிக் குற்றம் என்னுடையது. 'மகத்தான படம்' என்று எழுதினேனே தவிர, அது 1953-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், 136 நிமிடம் ஓடும், கேமரா தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டு கிட்டத்தட்ட அசையவே அசையாது, வயதான அப்பா அம்மா பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு வருகிறார்கள், பிள்ளைகள் குரலைக்கூட உயர்த்தாமல் அவர்களை ஓரங்கட்டுகிறார்கள், மொத்தக் கதையே அவ்வளவுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மீதிப் பாதி உங்களுடையது. நாள் முழுக்க உழைத்த உடம்போடு 11 மணிக்கு அதை இயக்கிய ஓஸுவிடம் போய் உட்கார்ந்தால் அவர்தான் என்ன செய்வார்?

சரி, பட்டியல். நான் நழுவுவதாகச் சொல்கிறீர்கள். ஆமாம், நழுவுகிறேன். ஏனென்றால் பட்டியல் கேட்கும் பலருக்கும் படம் தேவைப்படுவதில்லை. ஏற்கெனவே போனில் 'பார்க்க வேண்டியவை' என்று நாற்பது பெயர் கிடக்கும். என் பத்து அதில் சேர்ந்தால் ஐம்பது. ஒருநாள் இரவு அந்த ஐம்பதையும் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே நான்கு முறை பார்த்த காமெடியைப் போட்டுக்கொண்டு படுப்பீர்கள். நானும் அதைத்தான் செய்கிறேன், அதனால் தெரியும்.

ஐஎம்டிபியை நம்பலாம் என்கிறீர்களே, அந்தப் பட்டியலில் பல காலமாக உச்சியில் உட்கார்ந்திருக்கும் 'தி ஷஷாங்க் ரிடெம்ப்ஷன்' கதை தெரியுமா? 1994-ல் தியேட்டரில் படுத்துவிட்ட படம். ஏழு ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் வீடியோ கேசட்டிலும் டிவியிலும் பார்த்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லித்தான் அது பிழைத்தது. பட்டியல் அதைத் தூக்கிவிடவில்லை, வாய்வார்த்தை தூக்கிவிட்ட படத்தைப் பட்டியல் பிறகு எழுதி வைத்துக்கொண்டது.

ஓட்டுப் போட்டவர்கள் சாதாரண ரசிகர்கள், விமர்சகர்கள் போட்டால் சரியாக இருக்கும் என்று நினைத்தால், அதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை உலகெங்கும் உள்ள விமர்சகர்களிடம் கேட்டுத் தரவரிசை போடுகிறது. முதல் தடவை முதலிடம் 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்துக்கு, அப்போது அந்தப் படம் வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த ஐந்து தடவை, அதாவது 1962 தொடங்கி 2002 வரை, 'சிட்டிசன் கேன்' அசையவில்லை. 2012-ல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. 2022-ல் ஷாந்தால் ஆகெர்மனின் 'ஜான் டீல்மன்'. படங்கள் எல்லாம் அப்படியேதான் இருந்தன, பார்க்கிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 'ஜான் டீல்மன்' 201 நிமிடம். கணவனை இழந்த ஒரு பெண் மூன்று நாட்கள் வீட்டு வேலை செய்கிறார், உருளைக்கிழங்கு தோல் சீவுவதைக்கூட வெட்டாமல் காட்டுவார்கள். நான் இரண்டு தவணையாகப் பார்த்தேன், மதிக்கிறேன், அந்தச் சமையலறை இன்னும் மண்டைக்குள் இருக்கிறது. ஆனால் 'பிடித்த படம்' என்று உங்களிடம் சொன்னால் அது பொய். மதிக்கிற படம் வேறு, பிடித்த படம் வேறு. பட்டியல் போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் புளுகுகிறார்கள்.

நானும் புளுகியிருக்கிறேன். 'தி ஒயர்' என்ற அமெரிக்கப் போலீஸ் சீரீஸை ஒரு வருடத்துக்கு மேல் எல்லோரிடமும் பரிந்துரைத்துக்கொண்டு திரிந்தேன், நான் பார்த்திருந்தது முதல் சீசன் மட்டும். இரண்டாவது சீசனில் கதை திடீரென்று துறைமுகத்துக்குப் போய்விடும், பழகிய முகங்கள் எல்லாம் பின்னால் போய்விடும், நான் அங்கேயே கழன்றுகொண்டேன். ஒரு நண்பர் என் பேச்சைக் கேட்டு அறுபது எபிசோடையும் முடித்துவிட்டு வந்து, நான்காவது சீசனில் வரும் அந்தப் பள்ளிக்கூடப் பையன்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது நான் முழித்த முழி இருக்கிறதே. அந்த அவமானத்தில்தான் திரும்பப் போய் முடித்தேன். 2002-லிருந்து 2008 வரை ஓடிய அந்த சீரீஸுக்கு, அமெரிக்க டிவிக்கு ஆஸ்கர் மாதிரியான எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதை இப்போது நம்பவே முடியவில்லை.

இன்னொரு பாவமும் செய்திருக்கிறேன். பிடித்த படத்தை மைத்துனருக்குப் போட்டுக் காட்டிவிட்டு, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்போ வருது பாருங்க", "இந்த இடத்தைக் கவனிங்க". அவர் மரியாதைக்குச் சிரித்தார். இடைவேளைக்கு முன்பே போன் வந்ததாக எழுந்து வெளியே போனவர், படம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். (போன் அடித்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை.) 'கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்' என்கிறவர்களும் இதே கூட்டம்தான். இருக்கு என்று சொன்னதுமே பார்க்கிறவன் அதைத் தேடத் தொடங்கிவிடுவான், படத்தைப் பார்க்க மாட்டான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு வெறும் கையோடு அனுப்பினால் மறுபடி நழுவினேன் என்பீர்கள். உங்கள் கடிதத்தில் இருந்து எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: இரவு 11 மணிக்குத்தான் நேரம் கிடைக்கிறது, பழைய கறுப்பு வெள்ளை என்றால் கண் சொக்குகிறது. இதை வைத்து என்னால் முடிந்தது இதோ.

முதலில், பழைய படம் என்றாலே மெதுவாகப் போகும் என்ற எண்ணத்தை '12 ஆங்ரி மென்' உடைக்கட்டும். 1957, சிட்னி லூமெட்டின் முதல் படம், 96 நிமிடம். ஒரு கொலை வழக்கு, பன்னிரண்டு ஜூரிகள், கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை. தூங்க முடியாது, ஏனென்றால் அறையே உங்களை நெருக்கும். லூமெட் ஒரு வேலை செய்திருக்கிறார்: முதலில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்தார், நடுவில் கண்மட்டத்துக்கு இறக்கினார், கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே கொண்டுபோனார். லென்ஸையும் படிப்படியாக மாற்றிக்கொண்டே வந்தார். அதனால் சுவர்கள் கிட்டே வருவது போலவும் கூரை தலைக்கு மேல் இறங்குவது போலவும் இருக்கும், ஏன் மூச்சு முட்டுகிறது என்று உங்களுக்கே தெரியாது. முதல் தடவை இதை எல்லாம் கவனிக்காதீர்கள், சண்டையை மட்டும் கவனியுங்கள்.

அது பிடித்தால் நம் மொழியிலேயே 'அந்த நாள்' இருக்கிறது. 1954, எஸ். பாலசந்தர் இயக்கியது, சிவாஜி நடித்தது, ஒரு பாட்டுகூடக் கிடையாது. ஒரு ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார், விசாரிக்க விசாரிக்க ஒவ்வொருவரும் தங்கள் சந்தேகத்தைக் கதையாகச் சொல்கிறார்கள். சிவாஜி என்றால் நீள வசனம் என்று ஒரு படிமம் உங்களுக்கு இருந்தால், அதைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

சீரீஸ் விஷயத்தில், 'முதல் மூன்று எபிசோடைப் பொறுத்துக்கோங்க, அப்புறம் பிச்சுக்கும்' என்கிற எதையும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், உங்கள் தூக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் காமெடியைப் பாருங்கள். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு எபிசோடு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். எழுதிய ஜான் கிளீஸும் கோனி பூத்தும் முதல் ஆறு வந்தபோது கணவன் மனைவி, இரண்டாவது ஆறு வந்தபோது விவாகரத்து ஆகியிருந்தது, அப்படியும் எழுத்தில் ஒரு பிசிறு கிடையாது. ஹோட்டல் நடத்தத் துளியும் லாயக்கில்லாத ஒரு மனிதர் ஹோட்டல் நடத்துகிறார். என் பத்தில் இது கண்டிப்பாக உண்டு, எந்த விமர்சகர் முகம் சுளித்தாலும். யாராவது அவமானப்படுவதைப் பார்த்தால் உடம்பு கூசுகிறவர் என்றால் மட்டும் வேண்டாம்.

விடுமுறை நாள் காலையில், தெளிந்த மூளையோடு என்றால் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'டெகலாக்' சீரீஸ். பத்துப் பாகம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி, ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வேறு வேறு மனிதர்கள். வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை, ஐந்தாவதை மட்டும் இரவில் தொடாதீர்கள்.

நான்கு பெயர்தான் வந்திருக்கிறது. மீதி எட்டுப் படம், எட்டு சீரீஸ் எல்லாம் வேண்டுமென்றால் அடுத்த கடிதத்தில் உங்களைப் பற்றி எழுதுங்கள். கடைசியாக எந்தப் படத்தை இரண்டாவது தடவை பார்த்தீர்கள், எதைப் பாதியில் நிறுத்தினீர்கள், எந்தக் காட்சியில். 'டோக்கியோ ஸ்டோரி'யில் தூங்கிப்போன நிமிடம் ஞாபகம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், எனக்குத் தேவைப்படும்.